அக்கா வைத்த சொல்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோ, கல்யாண ஆல்பம், அஞ்சலி போஸ்டர் எல்லாம் உண்டு. ஆரம்பத்தில், யாரோ பென்டிரைவில் கொடுத்த திருட்டு மென்பொருளில்தான் படங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அதோடு ஒட்டிக்கொண்டு வந்த வைரஸ் ஒருநாள், தாடிக்கொம்பு கோயிலில் நடந்த ஒரு கல்யாணத்தின் படங்களை மொத்தமாகத் தின்றுவிட்டது. பெண் வீட்டாருக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அப்போது அக்காதான் வேறொரு மென்பொருளைத் தேடிப் பிடித்து என் கணினியில் ஏற்றினாள். இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தெரிந்தவர்கள் அதைச் செப்பனிட்டும் கொடுக்கலாம். அக்கா கணினி படித்தவள். இருபத்தெட்டு வயதிலேயே சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்த மென்பொருள் பிடிபடவே இல்லை. பழையதில் எது எங்கே இருக்கிறதென்று கைக்குத் தெரியும். இங்கிலீஷைப் படித்து வேலை செய்தவனில்லை நான்.

"ஒண்ணுமே வெளங்கல, விட்ருக்கா" என்றேன்.

"தமிழ்ல இருந்தா வெளங்குமாடா?"

அதில் பாதிதான் தமிழில் இருந்தது. மீதியை, ஒருவரையொருவர் பார்த்தேயிராத சிலர் இணையத்தில் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழாக்கிக்கொண்டிருந்தார்கள். அக்காவும் அவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் படுத்துக் கிடக்க வேண்டும். ஊசி குத்திய இடது கையை அசைக்கக் கூடாது. வலது கையால் மட்டும் லேப்டாப்பில் தட்டுவாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு சொல்லையும் என்னிடம் சொல்லிப் பார்ப்பாள். எனக்குப் புரிந்தால்தான் அந்தச் சொல் தேறும்.

"மூஞ்சியில பரு, தழும்பு எடுக்குற கருவி இருக்குல்ல, அதுக்கு இங்கிலீஷ்ல ஹீல்னு பேரு. குணமாக்குன்னு போடவா?"

"மருந்துக்கடை விளம்பரம் மாதிரி இருக்குக்கா."

மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தபடி யோசித்தாள். "புண்ணு ஆறிப்போச்சுன்னு சொல்றோம்ல. அப்ப, ஆற்று."

"இது நல்லாருக்கு."

அவளுக்கு அம்புட்டு சந்தோஷம். கையை ஆட்டாதே என்று நர்ஸ் வந்து சத்தம் போட்டார்.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. ஒரு கோடையில் காய்ச்சல் வந்தது. ஊசி போட்ட இடத்திலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் அக்கா போய்விட்டாள்.

போஸ்டருக்குப் படம் வேண்டும். முகம் வீங்கத் தொடங்கியதிலிருந்து அவள் படமெடுக்க விட்டதே இல்லை. ஆஸ்பத்திரி அட்டைக்காக நான் எடுத்த ஒன்றுதான் இருந்தது.

"வீக்கத்த எடுத்துட்டுப் பழையபடி ஆக்கிருடா" என்றாள் அம்மா.

கணினி முன்னால் உட்கார்ந்தேன். 'ஆற்று' என்று அவள் எழுதிய கருவியை எடுத்துக் கண்ணுக்குக் கீழிருந்த கறுப்பைத் துடைத்தேன். பிறகு கன்னங்களை ஒடுக்கினேன். அம்மா வந்து பார்த்தாள்.

"இது அவ இல்லடா."

செய்ததையெல்லாம் நீக்கிவிட்டு, வீங்கிய முகத்தோடு அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன்.

அக்காவின் மின்னஞ்சல் கணக்கு என் போனில் அப்படியே இருந்தது. ஒரு வருஷம் கழித்து, அவர்கள் தமிழாக்கும் இணையதளத்திலிருந்து அதில் ஒரு தகவல் வந்தது. அவள் எழுதிய 'ஆற்று' என்ற சொல்லை யாரோ 'சீராக்கு' என்று மாற்றியிருந்தார்கள். அந்த ஆளுக்கு உடனே எழுதினேன்: "இதை எழுதியது என் அக்கா. அவள் இப்போது இல்லை. யாரைக் கேட்டு மாற்றினீர்கள்?"

மறுநாள் பதில் வந்தது. "மன்னித்துவிடுங்கள், எனக்குத் தெரியாது. 'ஆற்று' என்று தனியாகப் பார்க்கும்போது சிலர் ஆற்றுநீர், ஆற்றுமணல் என்று நினைத்துக் குழம்புகிறார்கள். அதனால்தான் மாற்றினேன். நீங்கள் சொன்னால் பழையபடியே வைத்துவிடுகிறேன்."

வைத்துவிடுங்கள் என்று பாதி எழுதியும்விட்டேன். அப்போதுதான் அக்காவும் இப்படி எத்தனையோ மாற்றினாள் என்பது நினைவுக்கு வந்தது. அவளுக்கு முன்னால் யாரோ எழுதிய சொற்களைச் சரியில்லை என்று அடித்துவிட்டுப் புதிதாகப் போடுவாள். அவர்கள் யார், இருக்கிறார்களா என்று அவளும் விசாரித்ததில்லை, நானும் கேட்டதில்லை. படிக்கிறவனுக்கு விளங்கவில்லையென்றால் அவளே அந்தச் சொல்லை வைத்திருக்கமாட்டாள்.

எழுதியதை அழித்தேன். "நீங்கள் மாற்றியதே இருக்கட்டும்" என்று அனுப்பினேன். அன்றைக்குக் கடையை மத்தியானமே பூட்டிவிட்டேன்.

சில மாதத்தில் புதுப் பதிப்பு வந்தது. ஏற்றிப் பார்த்தேன். பருவையும் தழும்பையும் எடுக்கும் கருவியின் பெயர் சீராக்கு. நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் சாப்பிடும்போது அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குக் கணினி பற்றி ஒன்றும் தெரியாது. சோற்றைப் பிசைந்தபடியே கேட்டாள்:

"அவ எழுதுனது இன்னும் எம்புட்டு மிச்சமிருக்கு?"

"நெறைய இருக்கும்மா" என்றேன். நான் எண்ணிப் பார்க்கவில்லை.