மீன் ஈரலில் செம்மறி ரோமம்

பதினெட்டு வருடம் மருத்துவமனையில் ரத்தம் எடுத்தவள் என்பதால், ஆய்வகத்தில் அவளுக்கு ‘ரத்தக்கார அக்கா’ என்றே பேர் நிலைத்துவிட்டது. புரதங்களைப் பிரித்தெடுக்கவும், கருவி தரும் முடிவுகளைக் கணினியில் அலசவும் கற்றுக்கொள்ள நாற்பத்து மூன்று வயதில் அங்கே சேர்ந்திருந்தாள்.

நான்கு மாதம் அவளுடைய மீன் ஈரல் மாதிரிகள் அப்பழுக்கில்லாமல் வந்தன. ஐந்தாம் மாதம், கணினி காட்டிய புரதப் பட்டியலில் செம்மறியாட்டின் ரோமப் புரதம் தலைகாட்டியது. தன் பிழைதான் என்று நினைத்து மூன்று தரம் மாதிரியைக் கருவியில் ஓட்டிப் பார்த்தாள். ஆடு பட்டியலை விட்டு அசையவில்லை. செம்மறி ரோமம் என்றால் கம்பளி. அவளிடம் கம்பளித் துணியே கிடையாது. அப்படியானால் யாரோ ஃபிரீசரில் இருக்கும் அவள் டப்பாவை எடுத்து, மாதிரிக் குழாய்களைத் திறந்திருக்கிறார்கள்.

அதன்பின் எல்லோர் முகமும் ஒரு மாதிரியாகத் தெரிந்தது. குளிரூட்டிய கருவியறையின் கதவருகே நாலு பேருடைய ஸ்வெட்டர்கள் தொங்கும். ஆளில்லாத மதியத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு நூல் பிய்த்து, தனித்தனியாக மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய், அடுப்பில் காட்டினாள். மூன்று பிளாஸ்டிக்காக உருகின. நான்காவதில் முடி கருகும் நாற்றம் அடித்தது.

“நீ படிக்கப் போறியா, துப்பறியப் போறியா?” என்றபடி கணவர் ஜன்னலைத் திறந்தார்.

நான்காவது ஸ்வெட்டர் சீனியருடையது. அவளைவிடப் பதினைந்து வயது இளையவன். வாய்க்கு வாய் ‘அக்கா’ என்பவன்.

மறுநாள் பட்டியலை அச்செடுத்து அவன் முன் வைத்தாள். “தம்பி, என் டப்பாவ நீங்க திறந்தீங்களா?”

அவன் காதுமடல் சிவந்தது. “திறந்தேன்க்கா. கொஞ்சம் எடுத்துத் தனியா ஓட்டிப் பாத்தேன்.”

“எதுக்கு?”

“நாலு மாசமா ஒரு தப்புகூட வரல. புதுசா வந்தவங்களுக்கு அப்படி வராது. முடிவைக் கம்ப்யூட்டர்ல திருத்துறீங்களோன்னு நெனச்சேன்.”

“திருத்தியிருந்தேனா?”

“இல்லக்கா. உங்க ரிசல்ட்டேதான் எனக்கும் வந்துச்சு.”

“என்கிட்டயே கேட்டிருக்கலாமே.”

“நீங்களும் கேட்டிருக்கலாம். என் ஸ்வெட்டர்ல நூல் இழுத்திருக்கு.”

அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. அவனையும் கூட்டிக்கொண்டு பேராசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். கெட்ட மாதிரிகளைக் கொட்டிவிட்டு, இருவரும் மூன்று வாரம் முதலிலிருந்து வேலை செய்தார்கள். வருடக் கடைசியில் அவள் தேறி, அங்கேயே வேலைக்கும் சேர்ந்தாள்.

இப்போது பேச்சும் சிரிப்புமாகத்தான் இருக்கிறார்கள். ஆனாலும் ஃபிரீசரில் அவள் டப்பாவுக்கு ஒரு சின்னப் பூட்டு போட்டிருக்கிறாள். அது ஏன் என்று அவன் இதுவரை கேட்கவில்லை.