சர்க்கரை இல்லாத கம்பெனியில் நின்றுபோன கிரேன்

கிரேன் ஆபரேட்டர் முனிராஜ் தன் நோயை மறைத்து, தானே பட்டினி கிடந்து, கேபினில் மயங்கினான் என்று ரிப்போர்ட் எழுதிய ஹெச்.ஆர். மேனேஜரே, நீங்கள் எழுதியது பொய். அது பொய் என்று உங்களுக்கும் தெரியும்.

நான் அந்தக் கம்பெனியில் கேன்டீன் சூப்பர்வைசராக இருந்தவன். இப்போது ரிட்டயர் ஆகிவிட்டேன். இனி எனக்கு மெமோ கொடுக்க உங்களால் முடியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஓசூர் பக்கம் கேன்டீன் வேலைக்குச் சேருகிற பிள்ளைகளும் படிக்கட்டும்.

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த அன்று டீ மாஸ்டர் சொன்னது இதுதான்: "பாய், சோறு வேகலன்னா கூட மன்னிச்சிடுவாங்க. டீயில சர்க்கரை கொறஞ்சா கம்பெனி கேட்டையே இழுத்து மூடிடுவாங்க."

தூளோடு சேர்த்துச் சர்க்கரையையும் பாலிலேயே கொட்டிவிடுவார். பிரேக் மணி அடித்தால், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் மொத்தமும் கவுன்டரில் நிற்கும். யாருக்கு எவ்வளவு என்று கேட்டுக் கலக்க நேரம் கிடையாது. டபுள் ஷிப்ட் பார்க்கிறவர்கள் இன்னும் தித்திப்பாகக் கேட்பார்கள். ஓவர்டைம் என்றால் கம்பெனி கொடுப்பது கிரீம் பன். மத்தியானம் தட்டு நிறைய வெள்ளைச் சோறு. வருஷக்கணக்கில் இதுதான் ஓடியது.

2. களி

முனிராஜுக்கு ஊர் நாட்றாம்பாளையம். பிரஸ் ஷாப்பின் கூரைக்குக் கீழே ஓடும் கிரேனை, அதன் கேபினில் உட்கார்ந்து ஓட்டுகிறவன். தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் இரும்பு அச்சுக்கு டை என்று பெயர். டன் கணக்கில் கனக்கும். அதைத் தூக்கி பிரஸ்ஸில் ஏற்றுவதும் இறக்குவதும் அவன் வேலை.

ஒருநாள் கூட்டம் கலைந்த பிறகு கவுன்டருக்கு வந்தான்.

"பாய், எனக்கு மட்டும் சர்க்கரை போடாத டீ கிடைக்குமா?"

"ஏன்யா, சுகரா?"

"கத்தாதீங்க பாய். தெரிஞ்சா எறக்கி பேக்கிங்ல போட்டுடுவாங்க. கிரேன விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

டீ தருகிறேன், ஆனால் மறைக்காதே என்றேன். கம்பெனி நர்ஸிடம் நானே கூட்டிப்போனேன். நர்ஸ் உங்களிடம் சொன்னார். கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு ஓட்டட்டும் என்று நீங்களே சொன்னீர்கள். மறைத்தான் என்கிறீர்களே, அந்த மறைவு எங்கே இருந்தது?

அவனுக்காகக் கேன்டீனில் வாரம் சில நாள் ராகிக் களி கிண்ட ஆரம்பித்தோம். கீரை, அவரைக்காய், வேகவைத்த பச்சைப்பயறு, முட்டை. களியானாலும் உருண்டை சின்னதாக இருக்க வேண்டும், பெரிசாகத் தின்றால் அதுவும் ஏற்றும் என்று நர்ஸ் கண்டித்துச் சொன்னார். முதல் நாள் ஃபிட்டர் மாதேஷ் தட்டைப் பார்த்துக் கூவினான்.

"களியில இருந்து தப்பிக்கத்தான் எங்கப்பன் என்னை ஓசூருக்கு பஸ் ஏத்தி விட்டான். இங்கயும் வந்து கிண்டறீங்களே பாய்!"

"நீ சோத்த மலையாட்டம் குவிச்சு தின்னுடா மச்சான். அடுத்த வருஷம் என் பக்கத்துல உனக்கும் எடம் போட்டு வெக்கிறேன்" என்றான் முனிராஜ்.

மேஜை மொத்தமும் சிரித்தது. ஆனால் ஒவ்வொருத்தராகத் தனியாக வந்து என் காதில் கேட்டார்கள்: "பாய், எனக்கும் அந்த டீ." கடைசியில் டீயை வெறுமனே போட்டு, சர்க்கரையைக் கிண்ணத்தில் தனியாக வைத்தேன். வேண்டியவன் போட்டுக்கொள்ளட்டும். யாரையும் திட்டவில்லை, தடுக்கவில்லை. மூட்டைச் செலவு தானாகக் குறைந்தது. முனிராஜுக்கும் ரீடிங் இறங்கியது. நீங்கள் அவன் களி தின்பதைப் போட்டோ எடுத்துப் போஸ்டர் அடித்து, "நம்ம ரோல் மாடல்" என்று கேன்டீன் சுவரில் ஒட்டினீர்கள்.

3. தடை

ஹெட் ஆபீஸிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள் என்றதும் உங்களுக்கு ஆசை வந்துவிட்டது. 'சர்க்கரை இல்லாத கம்பெனி' என்று கேட்டில் போர்டு மாட்டினீர்கள். கிண்ணத்தை எடுக்கச் சொன்னீர்கள். பையில் பிஸ்கட், சாக்லேட் இருந்தால் செக்யூரிட்டி பிடுங்கினான்.

"சார், மாத்திரை போடறவங்களுக்கு திடீர்னு சுகர் எறங்கும். ஒரே ஒரு டப்பா என்கிட்ட இருக்கட்டும்" என்றேன்.

"பாய், டப்பா இருந்தா அது சுகர் ஃப்ரீ இல்ல. இது மேனேஜ்மென்ட் டெசிஷன். நீங்க சமையலப் பாருங்க."

அடுத்தது மெடிக்கல் கேம்ப். ரீடிங் அதிகமானாலும், கேம்புக்கு வராவிட்டாலும் அன்ஃபிட், மெஷினை விட்டு இறங்க வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினீர்கள். வெறும் வயிற்றோடு வரச் சொன்ன அந்த நோட்டீஸில், மாத்திரையை என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை.

4. கேம்ப் நாள்

லேப் வேன் பெங்களூரிலிருந்து வர வேண்டும். அத்திப்பள்ளி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது. முனிராஜ் விடியற்காலையிலேயே வழக்கம்போல மாத்திரையைப் போட்டுவிட்டு வந்திருந்தான்.

"பாய், கை கொஞ்சம் ஒதறுது" என்றான்.

"டெஸ்ட் கெடக்கட்டும், மொதல்ல சாப்புடு" என்று இட்லித் தட்டை நீட்டினேன்.

நீங்கள் பின்னாலேயே நின்றீர்கள். "இப்ப சாப்ட்டா ரீடிங் தப்பா வரும். ரத்தம் குடுத்துட்டு சாப்புடலாம்" என்றீர்கள். நான் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குள் புரொடக்‌ஷனிலிருந்து போன் வந்தது. உடனே அவனைப் பார்த்துச் சொன்னீர்கள்: "வேன் வர்ற வரைக்கும் ஏன் சும்மா நிக்கறே? ஒரே ஒரு டை சேஞ்ச். முடிச்சுட்டு வந்துடு."

அவன் தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் பிரஸ் ஷாப்பிலிருந்து மாதேஷின் சத்தம் கேட்டது. ஓடினேன். நடுப்பாதைக்கு மேலே டை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கிரேன் நகரவில்லை.

"டேய் முனி! காது கேக்குதா? முனீ!"

பதில் இல்லை. மாதேஷ் எல்லாரையும் கீழேயிருந்து விரட்டினான். ஏணியில் ஏறிக் கேபினுக்குள் தலையை விட்டவன் கத்தினான்: "பாய், சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு! கண்ணு தொறந்துதான் இருக்கு, பேச்சு கொழறுது! சர்க்கரை குடுங்க, சர்க்கரை!"

சர்க்கரைக்கு நான் எங்கே போவேன்? கேன்டீனில் ஒரு சிட்டிகை கிடையாது. பிடுங்கி வைத்த சாக்லேட் எல்லாம் செக்யூரிட்டி அலமாரியில். சாவி வைத்திருந்தவன் மெயின் கேட்டில். வெல்லம் கூட விடவில்லையே நீங்கள்.

பாத்திரம் கழுவும் லட்சுமம்மாதான் கத்தினாள்: "கெஸ்ட் ரூம்ல இருக்குது பாய்! பெரியவங்க காபிக்கு கட்டிச் சர்க்கரை வெச்சிருக்காங்கோ!"

அவளே ஓடிப்போய்க் கண்ணாடிக் கிண்ணத்தோடு வந்தாள். கட்டிகளைத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கி, கயிற்றில் கட்டி மேலே அனுப்பினோம். அவனால் விழுங்க முடிந்தது. மாதேஷ் தலையைத் தாங்கிப் பிடித்து, வாய் வாயாகக் கொடுத்தான். டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

பேச்சு வந்ததும் முனிராஜ் கேட்ட முதல் கேள்வி: "கீழ யாராவது இருக்காங்களா?"

அவன் கை கன்ட்ரோலைச் சைபருக்குக் கொண்டுவந்திருந்தது. எமர்ஜென்சி பட்டனும் அழுந்தியிருந்தது. கண் இருட்டும்போதே நிறுத்தியிருக்கிறான். அதனால்தான் அன்றைக்கு ஒருத்தரும் சாகவில்லை. உங்கள் ரிப்போர்ட்டில் இது இல்லை.

5. இப்போது

முனிராஜை பேக்கிங்கில் போட்டிருக்கிறீர்கள். அவன் மறுபடி கிரேன் ஏறலாமா கூடாதா என்பதை டாக்டர் சொல்லட்டும். டாக்டர் ஏறக்கூடாது என்றால் நானும் அவனும் வாயை மூடிக்கொள்கிறோம். ஆனால் நோயை மறைத்த திருடன் என்று எழுதிவைத்துக்கொண்டு அவன் வேலையை நீங்கள் தீர்மானிக்கக் கூடாது.

கேன்டீனுக்கு வருகிற பிள்ளைகளே, நான் கற்றது கொஞ்சம்தான். சர்க்கரையைக் குறையுங்கள், சோற்றைக் குறையுங்கள், காயும் பயறும் கூட்டுங்கள். மிரட்டிச் செய்யாதீர்கள், எதிரில் வையுங்கள், அவனவன் எடுப்பான். மாத்திரை போட்டவனைப் பட்டினி போடாதீர்கள். எந்த மேனேஜர் சொன்னாலும் ஒரு டப்பா சர்க்கரை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். நினைவு தப்பியவன் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மேனேஜரே, எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். ரூமுக்குக் கூப்பிட்டுப் பேசவும் வேண்டாம். அடுத்த கேட் மீட்டிங்கில், மூன்று ஷிப்டும் நிற்கும்போது, மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள்: சாப்பிடாதவனைக் கிரேனில் ஏறச் சொன்னது யார்? முனிராஜ் முன்வரிசையில் நிற்பான். அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.