புள்ளக்காம்பராவில் ஒரு இங்கிலீஷ் வேலைநிறுத்தம்

கூடலூரிலிருந்து இலங்கையில் ஓப்பநாயக்கவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் நாள் சாயந்தரம், என் மாமியார் ஒரு தம்ளர் டீ கொடுத்தார். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. உள்ளங்கையில் மட்டும் ஒரு துண்டு கித்துள் பனைக் கருப்பட்டியை வைத்தார். தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு டீ குடிக்கத் தெரியாதா என்ன? கருப்பட்டியை டீக்குள் போட்டு விரலால் கலக்கினேன். வீட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு டீயை உறிஞ்ச வேண்டுமாம். "இந்தியாவுல அப்புடித்தான் போல" என்று நாத்தனார் எனக்காகப் பரிந்து பேசினார். அன்றோடு என் பெயர் போய், தோட்டம் முழுவதற்கும் நான் இந்தியாக்காரி ஆனேன்.

கூடலூரில் இதை வாசிக்கிறவர்களுக்கு இதிலுள்ள வேடிக்கை புரியும். அங்கே எங்கள் குடும்பத்துக்குப் பெயர் சிலோன்காரங்க. அம்மாவும் அப்பாவும் அரநாயக்கப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர்கள். சின்ன வயதில், இரண்டு அரசாங்கங்கள் பேசி முடிவெடுத்ததற்காக இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர்கள். அப்பா கடைசிவரை கடையில் போய்ப் பாண் இருக்கா என்றுதான் கேட்டார். கடைக்காரர் பிரெட் என்று திருத்துவார், அப்பா ஆமாம் பாண் என்பார். எனக்கு ஸ்கூலில் சிலோன் என்றே பட்டப்பெயர். அம்மாவின் அண்ணன் மட்டும் இங்கேயே தங்கிவிட்டார், அவர் மகனைத்தான் நான் கட்டிக்கொண்டேன். விமானத்தில் வரும்போது, இனிமேல் யாரும் நம்மை வெளியூர்க்காரி என்று சொல்லமாட்டார்கள் என்று ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பு ஒரு தம்ளர் டீயில் கரைந்துபோனது.

வந்து ஆறு வருடமாகிறது, ஒரு பிள்ளையும் பிறந்துவிட்டது. சிங்களம் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. இங்கே லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற எல்லாரும் இரண்டு மொழியிலும் சண்டை போடுவார்கள், இரண்டு மொழியிலும் சமாதானமாவார்கள். நான் சந்தைக்குப் போனால் பக்கத்து லயத்துப் புஷ்பம்தான் எனக்காகப் பேரம் பேசுவாள். நான் ஊமை மாதிரி பக்கத்தில் நின்று கத்தரிக்காயைத் தடவிக்கொண்டிருப்பேன். ஆனால் இங்கிலீஷ் எனக்கு வரும். கூடலூரில் ஒரு நர்சரியில் ஏ ஃபார் ஆப்பிள் சொல்லிக்கொடுத்தவள். அந்த ஒரு கெட்டித்தனம்தான் இந்த வினையில் கொண்டுபோய் விட்டது.

எங்கள் தோட்டத்துப் பழைய தொரை பங்களாவை வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். இங்கிலீஷில் விருந்தாளிகளுக்குப் பதில் சொல்லத் தெரிந்தால் தோட்டத்துப் பெண் ஒருத்தியை அறைகள் பார்க்கிற வேலைக்கு எடுப்பதாகவும், இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து ஆள் வருமென்றும் பேச்சு அடிபட்டது. புஷ்பம் என்னிடம் வந்தாள். "அக்கா, எனக்கு இங்கிலீசு பேசப் பழக்கிக் குடுங்க." அவள் சவுதிக்குப் போகப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தாள். புருசன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான், அவன் அனுப்புவது கைக்கும் வாய்க்குமே போதவில்லை. ஆறு வயது மகளை யாரிடம் விட்டுப் போவது என்பதுதான் அவளுடைய ஒரே கவலை. பங்களா வேலை கிடைத்துவிட்டால் அவள் எங்கேயும் போக வேண்டாம். சரி என்று தலையாட்டினேன். ஒருத்திக்கு என்று ஆரம்பித்தது, மறுநாளே எட்டுப் பேர் வந்து நின்றார்கள்.

இடம், புள்ளக்காம்பரா. அம்மாமார்கள் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அறை. சாயந்தரம் காலியாகிவிடும். அங்கே இருப்பதெல்லாம் குழந்தைகள் உட்காருகிற நாற்காலிகள். நாளெல்லாம் மலையில் ஏறி இறங்கிய பெண்கள், முழங்கால் மோவாயில் இடிக்க அதில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நானும் பழக்கதோசத்தில் ஏ ஃபார் ஆப்பிள் என்று தொடங்கினேன். "டீச்சர், வெள்ளக்காரன் வந்து ஆப்பிளயா கேக்கப் போறான்? துவாயில்ல கேப்பான்" என்றார் மாதர் சங்கத் தலைவி செல்லம்மா. நியாயம்தான். ஆப்பிளை விட்டுவிட்டு டவல் என்கிற துவாய்க்குப் போனோம்.

செல்லம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லயத்தில் கூரை ஒழுகினாலும், தண்ணீர் வராவிட்டாலும், ஆபீசுக்குப் போய்ப் பேசுவது அவர்தான். மற்றவர்கள் பின்னால் நிற்பார்கள், அவர் பேசுவார். இது இங்கே பல காலமாக வருகிற முறை. இது எனக்குத் தெரியாமல், "புஷ்பம், வாட் டிட் யூ ஈட் திஸ் மார்னிங்?" என்று கேட்டேன்.

"ஷீ ஈட் ரொட்டி" என்றார் செல்லம்மா.

"தலைவி, புஷ்பம் சொல்லட்டும்."

"அதான் தலைவி சொல்லிட்டாங்களே டீச்சர்" என்றாள் புஷ்பம். பதில் சரியாக இருக்கும்போது இவள் எதற்காகத் திருப்பிக் கேட்கிறாள் என்று எட்டுப் பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ஒரு நாள் புஷ்பம் பிந்தி வந்தாள். பேச்சுப் பழக்கத்துக்கு நல்ல சந்தர்ப்பம் என்று, எழுப்பி நிறுத்தி, "புஷ்பம், ஒய் ஆர் யூ லேட்?" என்றேன். அவள் முகம் கறுத்துவிட்டது. அடுத்த இரண்டு நாள் வகுப்புக்கே வரவில்லை. லயத்துக்குத் தேடிக்கொண்டு போனேன். அடுப்படியிலிருந்து வெளியே வராமலே சொன்னாள்: "ஆபீசுல பேரச் சொல்லித் தனியாக் கூப்புட்டுக் கேட்டா அது விசாரண அக்கா. வேலய விட்டு நிப்பாட்டத்தான் அப்புடிக் கேப்பாங்க. நான் என்னா களவா எடுத்தேன்?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நர்சரியில் எழுந்து நின்று பதில் சொன்னவர்களுக்கு நாங்கள் கைதட்டுவோம். இங்கே எழுப்பி நிறுத்தினால் குற்றப்பத்திரிகை.

ஆனால் விருந்தாளி தலைவியிடமா துவாய் கேட்பார்? அதனால் நான் கொஞ்சம் கண்டிப்பானேன். அவரவர் பதிலை அவரவர்தான் சொல்ல வேண்டும், தலைவி தன் பதிலை மட்டும் சொன்னால் போதும் என்று அறிவித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். மறுநாள் நான் குட் ஈவ்னிங் என்றதும், எட்டுப் பேரும் சேர்ந்து "கு...ட்..." என்று இழுத்தார்கள். ஈவ்னிங் வந்து சேர்வதற்குள் வெளியே ஒரு மழை பெய்து ஓய்ந்துவிட்டது. எந்தச் சொல்லைச் சொல்லச் சொன்னாலும் இதே கதை. அன்று முழுவதும் படித்தது துவாய்க்கு டவல், சவர்க்காரத்துக்கு சோப் என்ற இரண்டே இங்கிலீஷ் பெயர்கள். களைப்பாக இருக்கிறார்கள் என்று நினைத்து, வீட்டில் வருத்தப்பட்டுச் சொன்னேன். த்ரீவீல் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது கோ ஸ்லோ. தொரையோட மல்லுக்கட்டும்போது இப்புடித்தான் கையக் கொறச்சுக் கொழுந்தெடுப்பாங்க. ஒன்னய ஒரு தொரையா மதிச்சிருக்காங்க, சந்தோசப்படு."

நான் சந்தோசப்படவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. இத்தனை வருடம் கழித்து எனக்கென்று ஒரு வேலை கிடைத்தது, அதிலும் வேலைநிறுத்தம்.

இரண்டு நாள் கழித்துச் செல்லம்மா தனியாகப் பேச்சுவார்த்தைக்கு வந்தார். குழந்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கோரிக்கைகளை வைத்தார். பேரைச் சொல்லி எழுப்பக்கூடாது. நடுவில் ஒரு பிளேன்டீ வேண்டும். டீச்சர் சிடுசிடுக்கக்கூடாது. நானும் சளைக்கவில்லை. பிளேன்டீ சரி, சிடுசிடுப்பையும் குறைத்துக்கொள்கிறேன், ஆனால் எல்லாரும் வாயைத் திறக்க வேண்டும் என்றேன். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம்: கேள்வியைப் பொதுவில் கேட்பேன், விரும்பியவர் பதில் சொல்லலாம். செல்லம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அதன்பிறகு பொதுவில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விரும்பிப் பதில் சொன்னவர் யாரென்று நான் எழுத வேண்டியதில்லை. ஒய், வேர், ஹூ என்று கேள்வி கேட்கவும் பழக்கினேன். அதை மட்டும் புஷ்பம் முணுமுணுத்துச் சொல்லிப் பார்ப்பாள்.

ஹோட்டல் மெனேஜர் மஹத்தயா, அதாவது மெனேஜர் ஐயா, ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கே வந்து ஆள் பார்ப்பதாகச் சொல்லியனுப்பினார். எட்டுப் பேரும் திருவிழாச் சேலையில் வந்திருந்தார்கள். அவர் மோட்டார் சைக்கிளில் வந்து, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உட்கார நாற்காலி தேடி, இருக்கிற நாற்காலிகளைப் பார்த்து நின்றுகொண்டார். நான் புஷ்பத்தைக் காட்டினேன். அவர் புன்னகையோடு இங்கிலீஷில் அவள் பெயரைக் கேட்டார்.

"ஹர் நேம் புஷ்பம், சார். குட் கேர்ள்" என்றார் செல்லம்மா.

"கேன் யூ மேக் எ பெட்?"

"யெஸ் சார். ஷீ கேன்."

"ப்ளீஸ், லெட் ஹர் டாக்" என்றார் அவர். புஷ்பம் தரையைப் பார்த்தாள். அவர் காத்திருந்தார். நான் மனசுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அவர் என் பக்கம் திரும்பி, நல்ல மனுசன்தான், மெதுவாகவே சொன்னார்: விருந்தாளிகள் கேட்டால் இப்படி நின்றால் சரிவராது, கொழும்பிலிருந்தே ஆள் எடுத்துக்கொள்கிறேன் என்று. புஷ்பத்தின் மகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பாஸ்போர்ட் என் கண்ணில் வந்து நின்றது. இந்த எழவெடுத்த வகுப்பைத் தொடங்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அவர் வாசலுக்குப் போய்விட்டார்.

"சார்!"

புஷ்பம் எழுந்து நின்றாள். யாரும் எழுப்பவில்லை.

"ஒய் கொழும்பு?"

அவர் திரும்பினார்.

"ஒய் யூ டேக் கொழும்பு பீப்பிள்? பங்களா ஹியர். வீ ஹியர். மை மதர் வாஷ் தட் பங்களா கர்ட்டன். ஐ மேக் பெட். ஐ கிவ் டவல், சோப், ஹாட் வாட்டர். யூ ஆஸ்க் மீ, ஐ நோ டாக். நவ் ஐ ஆஸ்க் யூ. யூ டாக்!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தொரை கேட்டால் அது விசாரணை, தொரையைக் கேட்டால் அது சங்கம். இவர்களுக்கு வாய் திறக்கிற பக்கத்தை விட்டுவிட்டு, நான் இத்தனை நாளும் மூடுகிற பக்கத்திலேயே தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். செல்லம்மா முதல்தடவையாக வாயைப் பொத்திக்கொண்டு, பெருமை தாங்காமல் பக்கத்தில் இருந்தவளை இடித்தார். மெனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். "ஓகே, ஓகே. கம் ஆன் மண்டே" என்றார். புஷ்பத்துக்குச் சட்டென்று விளங்கவில்லை. "ஹெட்ட, சந்துதா என்ட" என்று சிங்களத்தில் நாளைக்கே வரச் சொன்னார். அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். மகள் உள்ளே ஓடிவந்து, அம்மாவை யாரோ திட்டிவிட்டதாக நினைத்து, அவரை முறைத்தது. எனக்கும் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

புறப்படும்போது அவர் பொதுவாக எல்லாரையும் பார்த்து, உங்கள் டீச்சருக்கு எந்த ஊர் என்று இங்கிலீஷில் கேட்டார்.

"இந்தியா, சார்" என்றார் செல்லம்மா.

"நோ!" புஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள். "ஷீ ஹியர். ஹர் ஹஸ்பண்ட் ஹியர். ஹர் பேபி ஹியர்."

"ஷீ பார்ன் இந்தியா."

"ஹர் மதர் பார்ன் அரநாயக்க!"

"ஷீ நோ சிங்களம்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "ஒய் சிங்களம்? யூ நோ இங்கிலீஷ்!" என்று எதிர்வரிசை. எட்டுப் பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். மெனேஜர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மோட்டார் சைக்கிள் கிளம்பியதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. அதுவரை அந்த அறையில் அவர்கள் ஒருவரோடொருவர் இங்கிலீஷில் பேசியதே இல்லை. என்னைக் கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு டீச்சராக நான் குறுக்கே புகுந்து அவர்கள் பிழைகளைத் திருத்தியிருக்க வேண்டும். நான் ஒரு குழந்தை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். எந்தக் கட்சி ஜெயிக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசையாக இருந்தது.