இருபத்தொன்பதிலேயே நின்ற முள்

வடக்குப்பட்டு சசிரேகா உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஆறு வருடம் ஷிப்ட் பார்த்தவள். "நின்னுகினே வேல செஞ்சி காலு வீங்கிப்போச்சி" என்று அதை விட்டுவிட்டு, ஒரகடம் சாலையோரம் பஞ்சர் கடை போட்டாள். லாரிக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, காற்று பிடிக்க அவளைத்தான் தேடி வந்தார்கள்.

2004-ல் ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து விமானப் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஆள் வந்தது. அங்கே கம்ப்ரசர் ரிப்பேர். சசிரேகா தன் சின்ன கம்ப்ரசரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள்.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய விமானம். அதன் பக்கத்தில் முகம் வாடி நின்றாள் மாணவி சுகப்பிரியா. தரையிறங்கும்போதெல்லாம் விமானம் வலப்பக்கம் இழுக்கிறது என்று, பயிற்சியாளர் பரசுராமன் இரண்டு வாரமாக அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"முன் சக்கரம் பார்த்தாலே தெரியுது, தட்டையாயிடுச்சு. அதுக்கு மட்டும் காத்து பிடிம்மா. மத்த ரெண்டும் காலையிலதான் பார்த்தேன். இருபத்தொன்பது பவுண்டு, கரெக்டா இருக்கு" என்றார் அவர்.

சசிரேகா குனிந்து பார்த்தாள். வலது டயர் கொஞ்சம் அழுந்தி உட்கார்ந்திருந்தது.

"சார், இதுல காத்து கம்மியா கீது."

"காத்தை அளக்கற கேஜ் பொய் சொல்லுமா?"

"அந்த கேஜைக் குடுங்க."

வாங்கி வலது டயரில் வைத்தாள். இருபத்தொன்பது. எடுத்து வெறும் கையில் பிடித்தாள். அப்போதும் முள் இருபத்தொன்பதிலேயே நின்றது.

"இன்னா சார், டயரே இல்லாம இருபத்தொம்போது காட்டுது?"

சுகப்பிரியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சசிரேகாவின் கேஜில் வலது டயர் பதினெட்டுதான். வால்வில் சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்தாள், குமிழி வந்தது. வால்வுக்குள் இருந்த ஊசியை இறுக்கியதும் கசிவு நின்றது.

"லாரி டயர் மாதிரி இதுல சட்டுனு ஏத்தக்கூடாது" என்று அதற்கும் முன் சக்கரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றேற்றி, ஒவ்வொரு தடவையும் அளந்து, மூடியைத் திருகினாள்.

அன்று சுகப்பிரியா நேர்கோட்டில் வந்து இறங்கினாள். பரசுராமன் தொப்பியைக் கழற்றினார். "தப்பு என்னோடதும்மா. உன்னை வீணா திட்டிட்டேன்."

அதிலிருந்து சனிக்கிழமைதோறும், வெயில் ஏறி டயர் சூடாவதற்குள் சசிரேகா போய் அளந்துவிட்டு வருவாள். லைசென்ஸ் வாங்கியதும் சுகப்பிரியா முதலில் ஏற்றிக்கொண்டது அவளைத்தான்.

"அக்கா, பயமா இருக்கா?"

"பேசாம ஓட்டு. எங்க வூட்டு மாடியில துணி காயிது, அத்த பாத்துகினு வரேன்!"

அந்த வாரம் கடைக்கு வந்த யாரும் இந்தக் கதையைக் கேட்காமல் திரும்பிப் போகவில்லை.