இரண்டாவது வாசம்

கடையில் ஒரு சப்மெர்சிபிள் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. போனில் மாந்தோப்பு ராமராஜு. "அண்ணாச்சி போயிட்டாருப்பா. தூக்கத்துலயே. மம்சாபுரத்து வீட்டுக்குக் கிளம்பு" என்றார். எந்த அண்ணாச்சி என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு இருந்தது ஒரே அண்ணாச்சிதான்.

சுபேதார் சங்கரபாண்டியன், பட்டாளத்தில் ஆபீசர் மெஸ்ஸைப் பல வருடம் கட்டி மேய்த்தவர். ஓய்வு பெற்று வந்து எங்களுக்கு விஸ்கி குடிக்கக் கற்றுக்கொடுத்தார். இப்படி எழுதினால் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கண்டபடி குடிக்க யாரும் யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. எதைக் குடிக்கிறோம் என்று தெரிந்து, கொஞ்சமாகக் குடித்து, நேராக நடந்து வீட்டுக்குப் போக அவர் கற்றுக்கொடுத்தார். ராஜபாளையத்தில் இதை வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அய்யனார் கோவில் போகும் வழியில் ராமராஜுவின் தோப்பு இருக்கிறது. அங்கே பம்ப்செட் ரூமுக்கு முன்னால், ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு வகுப்பு. "நெறம் தெரியணும்லா? இருட்டுல குடிக்கிறவன் எதையோ மறைக்கான்" என்பார் அண்ணாச்சி. முதல் நாள் நான் கோலா பாட்டிலும் ஊறுகாய்ப் பாக்கெட்டுமாகப் போனேன். ஊற்றியதை ஒரே மடக்கில் இறக்கினேன்.

"ஏலே, பேதி மருந்தா குடிக்கே? மூக்க உள்ள வை. வாய லேசாத் தொற. செத்த நேரம் சும்மா இரு" என்றார். ஊறுகாயை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவர், கிளம்பும்போது திருப்பிக் கொடுத்தார். "தயிர்ச்சோத்துக்கு வச்சுக்கோ."

அவர் பாடத்தின் மையம் இதுதான்: "மொத வாசம் எல்லா பாட்டிலுக்கும் ஒன்னுதாம்ல. வெறும் நெடி. ஒரு கரண்டி தண்ணி விட்டுக் காத்திரு. பொறவு வரும் பாரு ரெண்டாவது வாசம், அதாம் அதோட பேரு."

ராமராஜு ஒருநாள் செல்போனைப் பார்த்து, ஏதோ குளிர்நாட்டு மலைப்பூ வாசம் இதில் வருகிறது என்று வாசித்தார்.

"அந்தப் பூவ நீரு பாத்திருக்கீரா?"

"இல்லையே."

"பொறவு உம்ம மூக்குக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சதச் சொல்லும்."

அன்றிலிருந்து நாங்கள் தெரிந்ததைச் சொன்னோம். ஒரு விஸ்கியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா சட்டியின் அடிச்சுரண்டல். இன்னொன்றில் மில்லில் புதிதாகப் பிரித்த பஞ்சு பேல். சப்பட்டை மாங்காய்க் காம்பில் வடியும் பால்கூட ஒன்றில் இருந்தது. அப்போதுதான் எனக்கு என் ஊரின் வாசமே பிடிபட்டது.

கொரோனா வந்துபோன பிறகு அண்ணாச்சிக்கு வாசம் அறியும் மூக்கு மட்டும் திரும்பவில்லை. அவர் சொல்லவில்லை, அவர் மனைவி லட்சுமி மதினிதான் சொன்னார். "சாம்பாரு அடிப்பிடிச்சு வீடே நாறுது. அவிய பக்கத்துல உக்காந்து பேப்பர் படிக்காவ." வகுப்பு முடிந்தது என்று நினைத்தோம். அந்த ஞாயிறு நாலு மணிக்கு அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். ஊற்றினார். "நீங்க மோந்து சொல்லுங்க. நான் கேட்டுக்கிட்டே குடிக்கேன்" என்றார்.

அவரைச் சந்தோஷப்படுத்த ராமராஜு தேன் என்றார், பாதாம் என்றார். அண்ணாச்சி கிளாஸைக் கீழே வைத்தார். "ராமராஜு, போனது மூக்குதான், புத்தி இல்ல. இந்த பாட்டில்ல தேன் கெடையாது." அதன்பிறகு நாங்கள் அவரிடம் பொய் சொன்னதில்லை. உள்ளதைச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வார், முகம் மலர்ந்துவிடும்.

கடைசியாக ஒரு பாட்டில் கொண்டுவந்தார். "மெஸ்ல ஒருக்கா இத மோந்திருக்கேன். ரெண்டாவது வாசம் நம்ம ஊரு வாசம்ல. நல்லாத் தெரிஞ்சது. பேருதான் வரமாட்டேங்கு. கண்டுபிடிச்சுச் சொல்லுங்க." ஞாயிறுதோறும் ஆளுக்கு ஒரு வாய் வைத்து முயன்றோம். கருப்பட்டி என்றோம், அவித்த நெல் என்றோம். "பக்கத்துல இருக்கு, அது இல்ல" என்பார். நாங்கள் கண்டுபிடிக்குமுன் போய்விட்டார். எனக்கு அது பெரிய வலி. அவர் எங்களிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

பதினாறாம் நாள் படையலில் சொந்தக்காரர் ஒருவர் பிராந்தியும் சோடாவும் வைத்திருந்தார். மதினி இரண்டையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கடைசி பாட்டிலையும் அண்ணாச்சியின் கிளாஸையும் கொண்டுவந்தார். கொஞ்சம் ஊற்றி, ஒரு கரண்டி தண்ணீர் விட்டார். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். கூடத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"மோந்துதான் பாக்கேன். குடிக்கவா போறேன்?"

வாயை லேசாகத் திறந்துகொண்டு, அசையாமல் நின்றார்.

"வைக்கப்படப்பு" என்றார். "மொத மழையில நனைஞ்ச வைக்கப்படப்பு. கல்யாணமான புதுசுல அவிய லீவுல வந்தா, கூட்டுக் குடும்பத்துல பேச எடம் ஏது? படப்புக்குப் பின்னாலதான் உக்காந்திருப்போம்."

கிளாஸ் ராமராஜுவிடம் போய், என்னிடம் வந்தது. அதேதான், நனைந்த வைக்கோல் போர். எப்படித் தவறவிட்டோம் என்று தெரியவில்லை.

மதினி அதை வாங்கி அண்ணாச்சியின் படத்துக்கு முன்னால் வைத்தார். "இதுக்கா ஊர்ல உள்ளவங்ககிட்டல்லாம் கேட்டிய? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டார்.

அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஞாயிறு நாலு மணியைத்தான். இப்போது அதை என் வீட்டில் வைத்திருக்கிறேன். கிளாஸில் ஊற்றி, தண்ணீர் விட்டு, முதலில் என் மனைவியிடம் நீட்டுகிறேன்.