சானலில் விழுந்த மாலுமி

என் மாமா போர்க்கப்பலில் பதினைந்து வருடம் வேலை பார்த்தார். அந்தப் பதினைந்து வருடத்தில் அவர் சுட்டதெல்லாம் சப்பாத்திதான். இதை வெளியே சொல்லக்கூடாது என்று எங்கள் குடும்பத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. யாராவது கேட்டால், "மாமா நேவியில இருந்தவரு" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நான் நிறுத்தியதில்லை. என் நான்காம் வகுப்பில் மாமா இரண்டு எதிரிக் கப்பல்களை மூழ்கடித்திருந்தார். அரைப்பரீட்சைக்குப் பிறகு அது மூன்றானது.

ஓய்வுபெற்று அருமனைக்கு வந்த பிறகும் மாமாவின் கை அளவு மாறவில்லை. கப்பல் முழுவதற்கும் பொங்கிப் போட்ட கை. ஐந்து பேருக்கு மீன்கறி வைக்கிறேன் என்று உட்காருவார். மாமி சாயங்காலம் வரை தூக்குப்பாத்திரத்தோடு வீடு வீடாக ஏறி இறங்குவாள். அந்தத் தெருவில் அவர் சமைக்கிற நாளில் வேறு யார் வீட்டிலும் அடுப்பு எரியாது.

ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை கொஞ்சம் ஓய்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு அதே கப்பலில் இருந்த இரண்டு பேர் மாமா வீட்டுக்கு வருவார்கள். வருடத்துக்கு ஒரு முறை இது தவறாது. ஒருவர் குலசேகரத்துக்காரர். கப்பலின் அடியில் எஞ்சின் அறையில் இருந்தவர். காது பாதி போய்விட்டது; கண்ணுக்குச் சோடாப்புட்டிக் கண்ணாடி. ஊரில் ரப்பர் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் கோட்டாற்றுக்காரர், கப்பலின் மேல்தட்டில் தொலைநோக்கியோடு காவல் நின்றவர். இப்போது பாத்திரக்கடை. அவருக்குக் கடையைவிட முக்கியமான தொழில் ஒன்று உண்டு. எதிரே இருப்பவரைக் கிண்டல் செய்வது.

ஆராதனை முடிந்து வந்ததும் மூன்று பேரும் முன்னறையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கைத் தோலுரிப்பார்கள். நானும் பக்கத்தில் ஒட்டிக்கொள்வேன். வகுப்புக்குச் சரக்கு வேண்டுமே.

"சண்டை நடந்த அன்னைக்கு மேல பீரங்கி வெடிக்குவு," என்று குலசேகரத்துக்காரர் கத்துவார். அவர் சாதாரணமாகப் பேசுவதே கத்தல்தான். "எனக்கு எங்க தெரியும்? இவன் அண்டாவ உருட்டிட்டான்னுல்லா நெனச்சேன்!"

"அண்டா உருண்டா அதவிடச் சத்தம் கேக்கும் ஓய்," என்பார் கோட்டாற்றுக்காரர். "எதிரிக்காரன் நம்ம கப்பலப் பாத்துப் பயப்படல்ல. இந்த ஆளு வச்ச சாம்பாரு மணத்துக்குத்தான் திரும்பிப் போனான்."

மாமா மரச்சீனித் தோலை அவர் மேல் எறிவார். சிரிப்பில் வீட்டு ஓடு அதிரும்.

இந்தக் கதை நடந்த வருடம் எனக்கு ஒன்பது வயது. கோட்டாற்றுக்காரர் திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"மக்கா, நீயும் நேவியில சேரப்போறியாமே? மாமி சொன்னா."

"ஆமா."

"நீந்துவியா?"

அதுவரை நான் இறங்கியதிலேயே ஆழமான தண்ணீர் எங்கள் வீட்டுக் குளியல் அண்டாவில் இருந்ததுதான். "நீந்துவேன்," என்றேன்.

"எவ்வளவு?"

"சானல்ல இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்கு."

"ஒரு தடவையா?"

இங்கே ஒரு புத்திசாலி நிறுத்தியிருப்பான். "நாலு தடவ," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மற்ற இருவரிடமும் பயபக்தியோடு சொன்னார்: "கேட்டியளா ஓய், நாலு தடவையாம். நம்ம மூணு பேரையும் சேத்துக் கெட்டினாலும் இவ்வளவு வராது. குளிக்கப் போகும்போ பயலயும் கூட்டிட்டுப் போணும். நமக்கு ஒரு பாதுகாப்பு."

மாமா வீட்டிலிருந்து சானலுக்கு, அதாவது வயலுக்குத் தண்ணீர் போகும் கால்வாய்க்கு, ஐந்து நிமிட நடை. அந்த ஐந்து நிமிடத்தில் எனக்குத் தலைவலி, வயிற்றுவலி, காலில் முள் என்று மூன்று நோய் வந்தது. மாமா மூன்றுக்கும் ஒரே மருந்து சொன்னார்: "வெள்ளத்துல முங்கினாச் சரியாப் போவும்."

சானலில் தண்ணீர் கரை முட்ட ஓடியது. மலையிலிருந்து செம்மண் கரைந்து வந்து தேயிலைச் சாயம்போல இருந்தது. அரை விரல் அளவுக்குமேல் உள்ளே எதுவும் தெரியாது. படித்துறைக்குக் கீழே கொஞ்ச தூரத்தில் சானல், ரோட்டுக்கு அடியில் ஓர் இருட்டுக் குகைக்குள் நுழையும். அதற்குள் போன ஆட்டுக்குட்டி மறுபக்கம் வரவில்லை என்று எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும்.

என் திட்டம் எளிமையானது. அவர்கள் மூன்று பேரும் முகத்துக்குச் சோப்புப் போடும் நேரம் பார்த்து, கடைசிப் படியில் குனிந்து, இரண்டு கை தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்வது. கண்ணைத் திறக்கும்போது நான் சொட்டச் சொட்ட நிற்பேன். "நாலு தடவையும் முடிஞ்சு," என்று சொல்லிவிடலாம்.

குலசேகரத்துக்காரர் கண்ணாடியைக் கழற்றிப் படியில் வைத்தார். கோட்டாற்றுக்காரர் முகமெல்லாம் நுரை பொங்கத் தேய்த்தார். நான் குனிந்தேன். படியில் பாசி இருப்பதைத் திட்டத்தில் சேர்க்க மறந்திருந்தேன்.

செத்துப்போகிறவனுக்கு வாழ்க்கை முழுவதும் கண்முன் ஓடும் என்கிறார்கள். எனக்கு ஓடியது பாவங்களின் பட்டியல். பக்கத்து பெஞ்சுக்காரனின் அழிரப்பரைக் கடித்துத் தின்றது, ஞாயிறு பள்ளி வாத்தியாரின் குடையில் ஓணானை விட்டது. முதலில் பெரிய பாவத்துக்கு மன்னிப்புக் கேட்பதா, சின்னதிலிருந்து தொடங்குவதா என்று தீர்மானிப்பதற்குள் நாலு மிடறு சானல் உள்ளே போய்விட்டது. ஒரு முறை தலை மேலே வந்தபோது கரையைப் பார்த்தேன். அங்கே நடந்ததைப் பார்த்ததும் சாவு பயத்தோடு அவமானமும் சேர்ந்துகொண்டது.

மாமா என் மேல் சாமான்களை எறிந்துகொண்டிருந்தார். முதலில் பிளாஸ்டிக் வாளி. அது சரியாக என் உச்சந்தலையில் விழுந்தது. அடுத்து கரையில் கிடந்த ஒரு நெற்றுத் தேங்காய். அதற்கடுத்து ஒரு வாழைத்தடியை இழுத்துக்கொண்டு வந்தார். ஒரு பொய் சொன்னதற்குச் சொந்த மாமன் இப்படியா அடிப்பார்?

குலசேகரத்துக்காரர் தண்ணீரில் சாடிவிட்டார். ஆனால் என்னைப் பார்த்து நீந்தாமல், இரண்டு கை போடுவதும் கரையைத் திரும்பிப் பார்ப்பதுமாக வந்தார். கரையில் யாரோடோ பேச்சு வைத்துக்கொண்டு வருகிறார் என்று நினைத்தேன்.

கோட்டாற்றுக்காரர்தான் எல்லோரையும்விட மோசம். வலது கையை நேராக நீட்டி, ஒற்றை விரலால் என்னைச் சுட்டிக் காட்டிக்கொண்டு நின்றார். 'பாருங்க, நாலு தடவ நீந்துற ஆளு போகுது!' என்று ஊருக்கே காட்டுவதுபோல. நான் முங்கினேன், எழுந்தேன். விரல் என் மேலேயே இருந்தது. தண்ணீரின் ஒழுக்கு என்னை இழுத்துக்கொண்டு போக, அவரும் கரையோடு கூடவே நடந்தார். வழியில் தாழம்புதர் இருந்தது. சுற்றிப் போகவில்லை, அதற்குள்ளேயே நடந்தார். முகத்தில் அத்தனை சோப்பு நுரை, நடுவில் கண் இரண்டும் மிளகாய்ப் பழம்போலச் சிவந்து, தாரை தாரையாகக் கண்ணீர். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது இந்த மனுஷனுக்கு என்று நினைத்தபடி மறுபடி முங்கினேன்.

இருட்டுக் குகைக்கு இரண்டு ஆள் தூரத்தில் ஒரு கை என் நிக்கரைப் பிடித்தது.

கரையில் குப்புறப் போட்டு முதுகைத் தட்டினார்கள். சானல் என்னிடமிருந்து சானலுக்கே திரும்பிப் போனது. தலையைத் தூக்கிப் பார்த்தால், மூன்றடி தூரத்தில் கோட்டாற்றுக்காரர். கால் இரண்டிலும் தாழைமுள் கிழித்து ரத்தம். கை அப்போதும் நீண்டிருந்தது. விரல் அப்போதும் என் மேல்.

"ஓய், போதும்," என்றார் மாமா. "கைய இறக்கும். ஆளு கரையில கெடக்கான்."

அவர் இறக்கவில்லை. மாமா பக்கத்தில் போய், அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து, மடங்காத குடையை மடக்குவதுபோலப் பைய இறக்கிவிட்டார்.

பிற்காலத்தில் இந்தக் கதை எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. கல்யாண வீடுகளில் நான் இதை நடித்தே காட்டுவேன். வாளி விழுந்த இடத்தில் ஒரு கைதட்டல், நீட்டிய கைக்கு ஒரு கைதட்டல். மாமா எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பார். போன வருடம் ஒரு நாள் அவர் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, பேச்சுவாக்கில் நான் அந்தக் கையை நீட்டிக் காட்டினேன். மாமா சிரிக்கவில்லை.

"அது கிண்டல் இல்ல மக்கா. கப்பல்லேருந்து ஆளு விழுந்தா அதான் முறை. ஒருத்தன் மிதக்கிற சாமானம் எறியணும். ஒருத்தன் போய் எடுக்கணும். ஒருத்தன் கைய நீட்டிட்டு ஆளையே பாத்துட்டு நிக்கணும். நீந்திப் போறவன் அந்தக் கையத் திரும்பிப் பாத்துதான் வழி பிடிக்கணும். கடல்ல ஒரு தலன்னா என்ன, தேங்கா அளவு. கண்ண எடுத்தாப் போச்சு. அதனால அவனுக்கு வேற சோலி கெடையாது. கப்பலு தீப்பிடிச்சாலும் திரும்பப்பிடாது."

நான் கையை இறக்கினேன்.

"ஒரு தடவ நம்ம கோட்டாத்துக்காரன் திரும்பிட்டான்," என்றார் மாமா. "பொறத்தால ஆரோ விளிச்சான்னு, ஒரே ஒரு தடவ. மறுபடி பாக்கும்போ கடலு மட்டுந்தான் கெடந்துது. விழுந்தவன் நல்ல பய. இருபது வயசுகூட இருக்காது."

மாமா வீட்டு முன்னறையில் அத்தனை வருடம் அத்தனை கதை கேட்டேன். இந்தக் கதையை அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? தெரிந்ததெல்லாம் மாமியின் அடுக்களையில் உப்பு எங்கே இருக்கிறது என்பது. என்னைச் சாகவிட்டு வேடிக்கை பார்த்த மனிதருக்கு மாமி சுக்குக்காப்பி ஊற்றி வைத்திருந்தாள். அவள் திரும்பிய நேரத்தில் மூன்று கரண்டி உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கிவிட்டு, கதவோரம் நின்று காத்திருந்தேன்.

அவர் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். முகம் சுளிக்கவில்லை. துப்பவில்லை. அடிமண்டி வரை குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் தரட்டா?" என்று மாமி கேட்டாள்.

"கொண்டாம்மா," என்றார்.

பதில் மாமிக்கு, சிவந்த கண் இரண்டும் என் மேல். நான் இடப்பக்கம் நகர்ந்தேன், கண்ணும் நகர்ந்தது. கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். கழுத்தை நீட்டிப் பார்த்தார். உப்புப் போட்டது தெரிந்துவிட்டது, மாட்டிக்கொண்டேன் என்று பின்வாசல் வழியாக ஓடினேன். அவர் பதறி எழுந்து பின்னாலேயே வருகிற சத்தம் கேட்டது. இன்னும் வேகமாக ஓடினேன்.