பொட்டு விழுந்த இடத்து நீலம்

வைரமும் கரிதான், பென்சில் முனையும் கரிதான் என்று பள்ளியில் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மார்க் வந்தால் போதும் என்று எழுதிவிட்டு வந்தேன். அந்த ஒற்றை வரியோடு பின்னால் வருடக்கணக்கில் மல்லுக்கட்டப் போகிறேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. என்ஜின் பாகங்களுக்குக் கரிப் பூச்சு போடுகிறோம். பாகத்தை ஒரு இரும்பு அறைக்குள் வைத்துக் காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு, வாயுவை விட்டு மின்சாரம் கொடுத்தால், உள்ளே ஊதா வெளிச்சம் பூக்கும். அந்த வெளிச்சத்தில் கரி அணு அணுவாக இறங்கி உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். பாதி வைரம், பாதி பென்சில் என்று ஒரு கறுப்புத் தோல். பட்டு இழையைவிட மெல்லியது, எண்ணெய் இல்லாமலே வழுக்கும். கண்ணாடி ஜன்னல் வழியாக அந்த ஊதாவைப் பார்த்துக்கொண்டு நின்று நான் சாப்பாட்டு நேரத்தைக் கோட்டைவிட்ட நாட்கள் நிறைய.

சூடுதான் அதற்கு ஆகாது. முந்நூறு டிகிரியைத் தாண்டினால் வைர குணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, வெறும் பென்சில் கரி மிஞ்சும். ஒரு சின்ன இரும்புத் தட்டில் பூச்சு போட்டு, உலையில் சுட்டு, ஒவ்வொரு சோதனை முடிந்ததும் அந்தத் தட்டை விரலால் தேய்த்துப் பார்ப்பேன். விரலில் மை ஒட்டும். அந்த மை சோப்புக்கும் லேசில் மசியாது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதி இடம் தறிக்குத்தான். என் கணவர் நெய்துகொண்டே நிமிர்ந்து என் கையைத்தான் முதலில் பார்ப்பார்.

"இன்னைக்கும் கரியா? அந்தக் கையோட பாவாண்ட வராதேம்மா."

தறியில் நீளமாக இழுத்துக் கட்டிய பட்டு நூல்தான் பாவு, அதில் கறை பட்டால் புடவையே போச்சு. அவர் சொல்வது நியாயம்தான், ஆனாலும் எரிச்சலாக வரும்.

சிலிக்கான் கலந்தால் கரிப் பூச்சு சூடு தாங்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு கலப்பது என்பதில்தான் வம்பு. ரசத்துக்கு உப்பு மாதிரி, குறைந்தாலும் கெட்டது, கூடினாலும் கெட்டது. கூடினால் பூச்சு சீக்கிரம் தேயும். அளவை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு வழியாக ஒரு கலவைக்கு வந்திருந்தேன். அதற்குள் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆயுத பூஜை முடிஞ்சி ஒரே ஒரு ட்ரையல்மா. கஸ்டமர் கண்ணு முன்னாடி. அதுவும் ஊத்திக்கினா இத விட்டுடலாம். பழையபடி ட்ரில் பிட்டுக்குத் தங்கக் கலர் கோட்டிங் பூசிக்கினு இருப்போம்."

பூஜைக்கு முன்பே சோதனைத் தட்டைக் கழுவி, கையுறை போட்ட கையால் அறைக்குள் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். விடுமுறை கழிந்து பூச்சு போட்டுக் கதவைத் திறந்தபோது தட்டு கறுப்பாகப் பளபளத்தது. ஓரத்தில் மட்டும் வட்டமாகப் பூச்சு உரிந்து, இரும்பு பல்லைக் காட்டியது. திரும்பி ஆபரேட்டர் அண்ணனைப் பார்த்தேன். திருப்புட்குழிப் பக்கத்துக்காரர், மெஷினைத் தொட்டுக் கும்பிடாமல் சுவிட்சைத் தட்ட மாட்டார்.

"மெஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சிக்கினு வந்தேன்மா. உள்ள அந்தத் தட்டு ஒண்ணு மட்டும் வெறுமனே இருந்திச்சி. மனசு கேக்கல" என்றார். "பூஜை முடிஞ்சதும் தொடைச்சிட்டேனே."

கைரேகை பட்ட இடத்திலேயே பூச்சு ஒட்டாது. இவர் சந்தனத்தைக் குழைத்துக் குங்குமம் வைத்திருக்கிறார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். மறுபடி போட நேரமில்லை, கஸ்டமர் வண்டி கேட்டுக்குள் வந்துவிட்டது.

வந்தவர் அதிகம் பேசாத இன்ஜினியர். அவர் எதிரிலேயே தட்டை உலையில் வைத்து நானூறு டிகிரிக்கு மேல் ஏற்றினோம். ஆறியதும் எடுத்தால், எப்படிப் போனதோ அப்படியே வந்திருந்தது. அதே கறுப்பு, அதே பளபளப்பு. அதன்மேல் எஃகுக் குண்டை அழுத்திச் சுழல விட்டோம். உராய்வு கூடினால் திரையில் கோடு எகிறும். எகிறவில்லை, தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்தது.

இன்ஜினியர் மோவாயைத் தடவினார். "தப்பா நெனைக்காதீங்க மேடம். இவ்ளோ சூட்டுல கலர்கூட மாறலன்னா நம்ப முடியல. உங்க ஃபர்னஸ் மீட்டர் ராங்கா காட்டுதுன்னு தோணுது."

சூடு வந்துவிட்டுப் போய்விட்டது, அதை எங்கே தேடிப் பிடித்துக் காட்டுவது? முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்ஜினியர் தட்டை வெளிச்சத்தில் திருப்பினார்.

"இது என்ன, ஓரத்துல?"

தொலைந்தது என்று நினைத்தேன். "குங்குமம் சார்" என்றேன், கேட்க எனக்கே கேவலமாக இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. தட்டை என் பக்கம் நீட்டினார். அப்போதுதான் நானும் பார்த்தேன். காலையில் வெள்ளையாக இருந்த அந்த வெற்று இரும்பு கருநீலமாகியிருந்தது. நீலமும் தாண்டிச் சாம்பல் தட்ட ஆரம்பித்திருந்தது. இரும்பு அந்த நிறத்துக்கு வர முந்நூறு டிகிரியைத் தாண்டிய சூடு வேண்டும் என்று லேத் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதே தட்டு, அதே உலை, அதே நெருப்பு. நீலம் முடிகிற விளிம்பிலிருந்து மயிரிழைகூடத் தள்ளி இல்லை, அங்கே கறுப்புத் தோல் ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. நான் கலந்ததுதான், என் கணக்குதான், ஆனாலும் அந்த நிமிஷம் அது நான் செய்தது மாதிரியே இல்லை. கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோல நின்றேன்.

"ஃபர்னஸ் கரெக்ட்டாதான் இருக்குது" என்றார் இன்ஜினியர். முதலாளியிடம் திரும்பி, "பாகங்கள எப்போ அனுப்பட்டும்?" என்று கேட்டார்.

ஆபரேட்டர் அண்ணன் என் பக்கமே பார்க்காமல் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அன்று வீட்டுக்குப் போனபோது கணவர் தறியில் இருந்தார். வழக்கம்போல என் கையைப் பார்த்தார். கிளம்புவதற்கு முன் தட்டை விரல் நோகத் தேய்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன், ஒரு பொட்டு மைகூட ஒட்டவில்லை. விரலை நீட்டினேன். பிடித்து விளக்கடியில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு பலகையில் நகர்ந்து எனக்கு இடம் விட்டு, அந்த விரலை எடுத்து அவரே பாவின்மேல் வைத்தார்.